ஏழாவது வாக்குறுதி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஈஜோக் ஊரில் லோகேஸ்வரி என்று யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். என் கேண்டீனில் மீ கோரெங் வாங்க வரிசையில் நிற்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதல் கட்சித் தொகுதித் தலைவர் வரை என் வாய்க்குப் பயப்படாத ஆளில்லை. அந்த வாய்க்காகத்தான் பத்தொன்பது வருடமாக என்னை மகளிர் பிரிவுத் தலைவியாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் காரணம் வேறாக இருக்கும் என்று படுகிறது. நான் ஊரில் யாரை வேண்டுமானாலும் திட்டுவேன், கட்சியை மட்டும் திட்ட மாட்டேன்.

போன தேர்தலுக்கு எங்கள் கட்சி பத்து வாக்குறுதிகள் கொடுத்தது. அதில் ஏழாவது, மகளிர் பிரிவுக் கூட்டத்தில் நான் மேசையைத் தட்டிச் சண்டை போட்டுச் சேர்த்தது. 'ஆணுக்குள்ள உரிமை அனைத்தும் பெண்ணுக்கும் உண்டு. இந்த மண்ணில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை கிடைக்காத தாய்மாருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் ஓராண்டுக்குள் அடையாள அட்டை.' வீடு வீடாகப் போய் இதைத் தாளைப் பார்க்காமலே ஒப்பிப்பேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள்தான் பிளோரன்ஸ்.

பிளோரன்ஸ் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். நாற்பத்தாறு வயது. ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாதவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அவள் பிறந்ததே இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில்தான். அவளுடைய அப்பா, மூத்த மகன் பிறந்தபோது லோரி ஏறிப் பட்டணத்துக்குப் போய்ப் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்தார். இவள் பிறந்தபோது, பொட்டைப்பிள்ளைக்கு ஒரு நாள் சம்பளத்தை விடுவானேன் என்று போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு நாள் சம்பளத்துக்கு அவள் நாற்பத்தாறு வருடமாக அனுபவிக்கிறாள்.

டிராக்டர் ஓட்டிய காளியண்ணன் அவளைக் கோயிலில் தாலி கட்டிக் கூட்டி வந்தான். அவன் நீல ஐசிக்காரன், குடியுரிமை உள்ளவன். ஆனால் கல்யாணத்தைப் பதியப் போனால் பெண்ணுடைய ஐசி எங்கே என்று கேட்டார்கள். அதனால் பதியவில்லை. மகள் கான்ஸ்டன்ஸுக்கு நாலு வயதானபோது அவன் டிராக்டர் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அந்தப் பிள்ளைக்கு அப்பன் யார் என்று தோட்டத்துக்கே தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. கல்யாணத்தைப் பதியாதவர்களின் பிள்ளைக்கு அம்மாவைத்தான் பார்ப்போம் என்கிறது சட்டம். அம்மாவுக்கோ ஒன்றுமில்லை. பெண்ணுக்கு என்று வரும்போது மட்டும் எல்லாக் கதவும் எப்படித்தான் ஒன்றாகச் சாத்திக்கொள்ளுமோ, எனக்கு வயிறு எரியும்.

பிளோரன்ஸிடம் ஒரே ஒரு ஆதாரம் இருந்தது. அவள் பிறந்த அன்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் எழுதிக் கொடுத்த அட்டை. உள்ளங்கை அகலம், மங்கிய பச்சை நிறம். முன்பக்கம் அம்மா பேர், தேதி, பெண் குழந்தை, எடை. பின்பக்கம் டிரெஸ்ஸர் கையெழுத்தும் தோட்டத்து முத்திரையும். லயத்து வீட்டில் மழை ஒழுகும், கரையான் அரிக்கும் என்பதால் இப்படிப்பட்ட கடுதாசிகளைக் கணக்கு எழுதும் கிராணியிடம் கொடுத்து ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைத்திருப்பது அந்தக் காலத்துத் தோட்ட வழக்கம். தோட்டத்தை விற்றபோது கிராணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு எழுத்து அழியவில்லை. பெரியவர்கள் கையில் இருந்தால் பத்திரம் என்பது பிளோரன்ஸுக்கு அன்று மனதில் பதிந்துபோனது. சொல்லப்போனால் எனக்கும்தான்.

தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. எங்கள் வேட்பாளர் விமலன் என்னைக் கூப்பிட்டார். வக்கீல், நாற்பது வயதுகூட ஆகவில்லை, பேச்சில் தேன் ஒழுகும்.

"லோகாக்கா, நாளைக்குக் கூட்டத்துல அந்த அம்மாவ மேடையில ஏத்திருங்க. கார்டையும் கொண்டாரச் சொல்லுங்க. ஒரிஜினல்க்கா. போட்டோஸ்டேட்டத் தூக்கிக் காட்டுனா எவன் அழுவான்?"

நான் உடனே பிளோரன்ஸ் வீட்டுக்குப் போனேன். கான்ஸ்டன்ஸ் அப்போது ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். அவள்தான் மறித்தாள்.

"ஆண்ட்டி, ஒரிஜினல் எதுக்கு? நான் கலர் பிரிண்ட் எடுத்துத் தர்றேன்லா. எங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

"சும்மா இரு புள்ள," என்றாள் பிளோரன்ஸ். "பெரியவங்க கேட்டா குடுக்கணும். இந்த ஓட்ட வீட்டுல இருக்கிறதவிட அவங்க ஆபீஸ்ல இருந்தா பத்திரம்."

"நான் பொறுப்பு கான்ஸ்டன்ஸ்," என்றேன். "இந்த லோகேஸ்வரி கையில குடுத்தது காணாமப் போனதா சரித்திரமே கிடையாது."

அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் தன் ஃபோனில் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டது.

மேடையில் விமலன் அந்த அட்டையை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். "இந்தத் தாய் பொறந்ததுக்கு உலகத்துல இருக்கிற ஒரே சாட்சி இது! நான் ஜெயிச்சா, இது நேரா அமைச்சர் மேசைக்குப் போகும்!" என்றார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிளோரன்ஸ் கை கூப்பி நின்றாள். நான் உள்ளங்கை சிவக்கக் கை தட்டினேன். கூட்டம் முடிந்ததும் விமலன் அட்டையைத் தன் உதவியாளன் இயனிடம் கொடுத்தார், அவன் அதை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் செருகினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருப்பிக் கேட்டால் கட்சிமேல் நம்பிக்கை இல்லாதவள் மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஊரையே திட்டுகிற வாய் அது!

ஜெயித்தோம். மாலை, பட்டாசு, கேண்டீனில் எல்லாருக்கும் என் செலவில் பிரியாணி. ஏழாவது வாக்குறுதி மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. மாதம் ஒருமுறை விமலனின் சேவை மையத்துக்கு ஃபோன் போடுவேன்.

"அப்பவே அனுப்பிட்டேன்லா அக்கா," என்பான் இயன். அடுத்த மாதம், "சிஸ்டம்ல ஏறிருச்சுக்கா." அதற்கடுத்த மாதம் ஃபோனையே எடுக்க மாட்டான். கூட்டணிக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், சட்டத்தைத் திருத்த வேண்டும், இதெல்லாம் ஒரு நாளில் நடக்கிற வேலையா என்று விமலன் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். நானும் அதையே பிளோரன்ஸிடம் போய்ச் சொன்னேன். "அவசரமில்லக்கா," என்பாள் அவள்.

அவசரம் வந்தது. கான்ஸ்டன்ஸ் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்பிஎம்மில் எட்டு ஏ எடுத்தாள். என் கேண்டீனில் கடனுக்கு ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளை! பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு மனுப் போட உட்கார்ந்தால் முதல் கட்டமே ஐசி நம்பர். மூன்று வாரத்தில் கடைசித் தேதி. இனி கட்சியை நம்பிப் பயனில்லை, முதலில் அம்மாவின் பிறப்பைத் தாமதமாகவாவது பதிவோம், பதிய விண்ணப்பித்ததற்கு ஒரு கடுதாசி கிடைத்தாலும் அதைக் காட்டிக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம்.

முகப்பில் இருந்த மலாய் அதிகாரி அம்மா நல்ல மனுஷி. பிளோரன்ஸ் கதையைப் பாதி கேட்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. கான்ஸ்டன்ஸ் தன் ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினாள். முன்பக்கம் மட்டும் எடுத்திருந்தாள்.

"அசல் மானா, காக்?" என்று என்னைக் கேட்டார் அவர். அசல் எங்கே, அக்கா? கையெழுத்தும் முத்திரையும் உள்ள அசலைக் கொண்டு வாருங்கள், வரிசையில்கூட நிற்க வேண்டாம், நேராக என்னிடம் வாருங்கள் என்றார். பிளோரன்ஸ் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அசல்தான் லோகாக்காவிடம் இருக்கிறதே!

அடுத்த வாரம் கட்சியின் மாநில மகளிர் மாநாடு. இயனை நேரில் பிடித்து உலுக்கிவிடுவது என்றுதான் போனேன். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. 'பெண்ணுரிமைப் பயணம்' என்று தலைப்பு. நடுவில், தங்கக் காகிதத்தில் கரை கட்டி, பிளோரன்ஸின் அட்டை. கீழே கொட்டை எழுத்தில், 'ஏழாவது வாக்குறுதி: தாய்மாரின் கண்ணீரைத் துடைத்தோம்.'

படமாக்கும் என்று கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். படமில்லை. அசல். பசை போட்டு அழுத்தி ஒட்டியிருந்தார்கள்.

"யாருடா ஒட்டுனது?"

இயன் ஓடி வந்தான். "டிசைனர் கேட்டாருக்கா. ஒரிஜினலா இருந்தாதான் ஒரு இது இருக்கும்னு…"

"அனுப்பிட்டேன்னு சொன்னியேடா பாவி!"

"லெட்டர் அனுப்புனோம்க்கா. கார்ட யாரும் கேக்கல."

கூட்டம் கூடிவிட்டது. விமலன் சிரித்த முகத்தோடு வந்து என் தோளைத் தொட்டார். "அக்கா, அமைதி. அமைச்சர் வந்துக்கிட்டு இருக்காரு. மாநாடு முடியட்டும். ஆள விட்டு, ஆவி காட்டி, நிதானமா எடுத்துத் தர்றேன். நீங்க கைய வைக்காதீங்க."

இத்தனை நாளில் அந்த மனுஷன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது. நான் அதைக் கேட்கவில்லை. மாநாடு முடியட்டுமா? தேர்தல் முடியட்டும், பட்ஜெட் முடியட்டும், இப்போது இதுவுமா? "எடு கைய!" என்று கத்திவிட்டு, அட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன்.

நாற்பத்தாறு வருடத்துக் காகிதம். இரண்டாக உரிந்தது. அம்மா பேரும் பாதித் தேதியும் தோல் மாதிரி என் கையோடு வந்தன. கையெழுத்தும் முத்திரையும் பசையோடு பலகையிலேயே தங்கி, மேலே வெறும் காகிதப் பஞ்சு தெரிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும்தான். அந்த ஒன்றில் மட்டும் எங்களுக்குச் சமத்துவம் கிடைத்துவிட்டது.

மண்டபத்துச் சமையல்கட்டில் கத்தி வாங்கி வந்து பலகையை அறுத்து அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. உள்ளே அமைச்சரை வரவேற்றுக் கைதட்டல் கேட்டது.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி அம்மா இரண்டு துண்டையும் வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினார். கிழிந்து, வெட்டி எடுத்த பத்திரத்தை வாங்கிக்கொள்ள அவருக்கு அதிகாரமில்லை. நீதிமன்றம் போகலாம், வருடக்கணக்கில் ஆகும் என்றார். மனுவுக்குக் கடைசித் தேதி அந்த வெள்ளிக்கிழமை. நான் அவரிடம் கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சாயங்காலம் பிளோரன்ஸ் வீட்டுக்குப் போனேன். கான்ஸ்டன்ஸ் ஏற்கெனவே பக்கத்து ஊர் புஞ்சாக் ஆலாமில், ஐசி கேட்காத ஒரு கைப்பேசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இன்னும் வரவில்லை. துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். பிளோரன்ஸ் இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள்.

"ஒட்டிப் பாக்கலாமாக்கா?"

"ஆகாதும்மா. கேட்டுட்டேன்."

அவள் துண்டுகளை ஒரு துணியில் மடித்து வைத்தாள். பிறகு, "அவ வந்தா நீங்களே சொல்லிருங்கக்கா. எனக்கு வாய் வராது," என்று எழுந்து தேத்தண்ணி போடப் போனாள்.

கான்ஸ்டன்ஸ் வந்தாள். கடைச் சட்டைகூட மாற்றவில்லை, வாசலிலேயே நின்று நான் சொல்வதைக் கேட்டாள்.

"நான்தான் கிழிச்சேன் கண்ணு," என்றேன். "கட்சி ஒட்டுச்சு. ஆனா கிழிச்சது நான். பொறுப்புன்னு சொல்லி வாங்குனதும் நான்தான். என்னைய நல்லா நாலு வார்த்த திட்டு." அந்தப் பிள்ளை காலில் விழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அடுத்த தேர்தலுக்கு இந்தப் பக்கம் வருவீங்களா ஆண்ட்டி?"

"மாட்டேன். கட்சிய விட்டு விலகிட்டேன்."

"நீங்க வரலன்னா வேற யாராச்சும் வருவாங்க. எங்க வீட்டுக் கதவத் தட்ட வேணாம்னு சொல்லிருங்க. அம்மா யாரு கேட்டாலும் குடுத்துருவாங்க. எங்ககிட்ட இனிமே குடுக்க ஒண்ணும் இல்ல. ஓட்டும் இல்ல."

பிளோரன்ஸ் தேத்தண்ணியோடு வந்து மகளை அதட்டினாள். "வாய மூடு புள்ள. ஓட்டு இல்லன்னு தெரிஞ்சும் லோகாக்கா நம்ம வீட்டுக்கு வந்தாங்கல்ல? இத்தன வருஷத்துல வேற யாரு வந்தா?"

கோப்பையை என் கையில் கொடுத்து, சீனி போதுமா என்று பாருங்கள் என்றாள். நான் அதைக் குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.