கலோநேரியில் போட்ட நங்கூரம்

கிரேக்கத்தில் படகைக் கட்ட லெஃப்கடா தீவு வேண்டாம், அங்கே எல்லோருக்கும் புருஷன் யெல்லெயைத் தெரியும்... அதுதான் காரணம், வேறென்ன, அங்கே கூட்டம் அதிகம் என்றும் கொசு அதிகம் என்றும் அவனிடம் சொன்னதெல்லாம் சும்மா, அங்கே கட்டிக் கிடக்கும் டச்சுப் படகுக்காரர்களில் பாதிப் பேர் இவர்களோடு வருஷக்கணக்காக உட்கார்ந்து குடித்தவர்கள், ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதே கதையை அவன் மறுபடி தொடங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அந்தப் பார்வையை ஃபென்னாவால் தாங்க முடியாது. லேரோஸ் அழகுதான், யார் இல்லையென்றார்கள், ஆனால் மகள் இம்கெ ஹாலந்திலிருந்து அவசரத்துக்கு வருவதென்றால் விமானம் மாறி மாறி வரவேண்டும், கோடையெல்லாம் அந்தப் பக்கம் வடகாற்று பேயாய் அடிக்கும். ஆக மிச்சம் இந்தக் கலோநேரி. சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி அவள் கரையைப் பார்த்தாள், மலை, மலைக்குக் கீழே ஊர், ஊரின் ஓரத்தில் அந்த வெள்ளைக் கட்டிடம்... அதுதான் ஆஸ்பத்திரி, துறையிலிருந்து நடந்தே போய்விடலாம், நரம்பு டாக்டர் அங்கேயே குடியிருக்கிறார் என்பதுவரை விசாரித்து வைத்திருக்கிறாள். யெல்லெயிடம் சொன்னது வேறு. குளிர்காலத்துக்கு நல்ல துறை, வசந்தம் வந்ததும் இங்கிருந்து க்ரீட் தீவுக்கு ஒரே ஓட்டம் என்று. க்ரீட்டாவது, ஒன்றாவது. இந்த ஸ்டெர்னா படகு இனி எங்கும் போகப்போவதில்லை, கட்டுகிற இடத்திலேயே, விற்கும்வரை, பாய் கழற்றி மிதக்கும், இது அவளுக்குத் தெரியும், இம்கெக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், படகுக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று இம்கெயிடம் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள்.

அவன் அணியத்தில், படகின் மூக்கு நுனியில், காலை அகட்டி நிற்கிறான். அவன் இடம் அதுவல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து சக்கரம் அவனுக்கு, நங்கூரம் அவளுக்கு. போன மே மாதம் ஒரு சின்னத் துறையில், பின்னால் தள்ளும் விசைக்கும் முன்னால் தள்ளும் விசைக்கும் அவனுக்குக் குழப்பம் வந்து, கல்சுவர் நேரே வந்துகொண்டிருந்தது, அவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான், யாரோ சொல்லித்தரப் போகிறார்கள் என்பதைப் போல... அவள் ஓடிவந்து விசையை மாற்றினாள். அன்று சாயங்காலம், சங்கிலி இழுத்து எனக்குத் தோள் போய்விட்டது, இடத்தை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டாள். தோளுக்கு ஒன்றுமில்லை. அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான், அப்புறம் சரி என்றான். அது என்ன பார்வை? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நங்கூர உருளையின் கைப்பிடி மட்டும் எப்போதுமே அவனிடம்தான். பொத்தானை அமுக்கினால் சங்கிலி இறங்குகிற காலம் இது, ஆனால் யெல்லெ பொத்தானை நம்பமாட்டான், இரும்புக் கைப்பிடியைச் செருகி உருளையைத் தளர்த்தினால்தான் அவனுக்குத் திருப்தி, அவள் நங்கூரம் போட்ட காலத்திலும் அவன் காற்சட்டைப் பையிலிருந்துதான் அதை வாங்கவேண்டும், போட்டதும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். கண்ணாடியைத் தொலைத்தான், செருப்பைத் தொலைத்தான், ஒரு நாள் மகள் பெயரையே தொலைத்துவிட்டு நாளெல்லாம் பேசாமல் இருந்தான், கைப்பிடியை மட்டும் தொலைக்கவேயில்லை. அது அவன் பையில் கனத்துத் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு தைரியம், இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று.

துறைக்காரர் ஸ்தாமாதிஸ் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் படகைத் திருப்பி, பின்பக்கமாக மெல்ல உள்ளே விட்டாள். இனி அந்தக் கயிற்றை வாங்கி முன்னால் கொண்டுபோய்க் கட்டினால் வேலை முடிந்தது, கயிற்றின் மறுமுனை தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பெரிய சங்கிலியில் இருக்கிறது, அதனால்தான் மரினா என்கிற இந்த மாதிரிப் படகுத்துறைக்குள் ஒருவரும் நங்கூரம் போடமாட்டார்கள், போட்டால் அந்தச் சங்கிலியில் மாட்டிக்கொள்ளும். போட்டு மாட்டிக்கொண்டவன் அக்கம்பக்கத்துப் படகுகளுக்கெல்லாம் ஊஸோ சாராயம் வாங்கித் தரவேண்டும், அது எழுதாத சட்டம், எத்தனை வாடகைப் படகுக்காரர்களைக் கேலி செய்து யெல்லெ ஓசியில் குடித்திருப்பான்... முன்பு இங்கே மரினாவே கிடையாது. வெறும் கல்கரை, மீன் படகுகள், இம்கெ வயிற்றில் இருந்தாள், அன்று யெல்லெ சக்கரத்திலிருந்து கை காட்ட, இதே இடத்தில் அவள்தான் நங்கூரம் போட்டாள், கரையிலிருந்து ஒரு கிழவி வந்து அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு மடி அத்திப்பழம் கொடுத்துப் போனாள். அந்தப் பழம்போல் பிறகு எங்குமே... ஏன் அவன் குனிகிறான்? கைப்பிடி. ஃபென்னா இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்துக் காட்டினாள், வேண்டாம், நிறுத்து. அவர்கள் கத்திக்கொள்வதில்லை, ஆரம்பத்திலிருந்தே கை ஜாடைதான், ஊரார் முன்னால் கத்தும் தம்பதிகளைக் கண்டால் இருவருக்கும் ஆகாது. அவன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். பிறகு சங்கிலி தடதடவென்று இறங்கியது.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். எப்படியோ ஸ்தாமாதிஸ் தாவி ஏறி, கயிறுகளைக் கட்டி, நங்கூரத்தை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பக்கத்துப் படகில் ஒரு நார்வேக்காரப் பெண் சமையலறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிவிட்டு நாகரிகமாக உள்ளே இழுத்துக்கொண்டாள். லெஃப்கடாவில் வேண்டாம் என்று நினைத்த பார்வை இங்கேயும் வந்துவிட்டது, முதல் நாளே.

"வாடகைப் படகுக்காரன்தான் இங்க நங்கூரம் போடுவான், கேப்டன், நீங்களுமா?" என்றார் ஸ்தாமாதிஸ்.

"அப்ப ஊஸோ என் செலவு" என்று யெல்லெ சிரித்தான். பழைய சிரிப்பு, அச்சு அசல்.

ஸ்தாமாதிஸ் அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஆளை முங்கவிட்டு எடுத்துடலாம்மா. வேற துறைக்கும் போய்ப் பாக்கணும்னா சொல்லுங்க, காலைலயே வரச் சொல்றேன்."

அவள் வாயைத் திறந்தாள். யெல்லெ முந்திக்கொண்டான். "அவசரமில்ல. அது அங்கயே கெடக்கட்டும்."

ஸ்தாமாதிஸ் போனபிறகு இருவரும் பின்தட்டில் உட்கார்ந்தார்கள். வெயில் இதமாக இருந்தது, கரையில் யாரோ மத்தி மீன் சுடும் வாசனை. அவன் உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது. கேட்கலாமா, கேட்டால் என்ன ஆகும், கேட்காமலே இந்தக் கோடை முழுக்கப் போயிற்றே...

"நான் கை காட்டினேனே, பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் போட்டே?"

அவன் யோசித்தான். "இங்க எப்பவும் போடுறதுதானே, ஃபென். அந்தப் பச்சை மீன்படகுக்கு நேரா."

பச்சை மீன்படகு எதுவும் இல்லை. அப்படியானால் மறதிதான், அவன் இன்னும் அத்திப்பழக் கிழவியின் ஊரில்தான் நிற்கிறான், ஒன்றும் தெரியாது அவனுக்கு, நல்லவேளை... நல்லவேளை என்றா நினைத்தாள்? அவன் மூளை இடிவதைப் பார்த்து நல்லவேளை என்று நெஞ்சு சொல்கிறதே, நீயெல்லாம் ஒரு மனைவியா ஃபென்னா? ஆனால் அது உண்மைதானே, துறை தேடுகிறேன் என்று ஊர் ஊராகச் சுற்றியதே அதற்குத்தானோ, அவன் மறதி முழுசாகட்டும், அப்புறம் எதையும் சொல்லவேண்டியிருக்காது, ஒரு காலை எழுந்து, இதுதான் நம் இடம், எப்போதும் இங்கேதான் இருந்தோம் என்றால் அவன் தலையாட்டிவிடுவான்... அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது, அதை அவன் பார்க்கக்கூடாது.

யெல்லெ பையிலிருந்து கைப்பிடியை எடுத்தான். சட்டை நுனியால் அதன் எண்ணெயைத் துடைத்தான், பொறுமையாக, பிடியிலிருந்து நுனிவரை. அவள் கையை இழுத்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான். காபி போடுகிறேன் என்று உள்ளே இறங்கிப் போனான்.

இரும்பு அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. எதற்குக் கொடுத்தான்? பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறந்து போனானா, இல்லை கொடுத்தே விட்டானா? கொடுத்துவிட்டான் என்றால்... அப்படியானால் மே மாதத்திலிருந்தே தெரியும், அந்தக் கல்சுவரிலிருந்தே, அவள் தோள் வலிக்கவில்லை என்பதும் தெரியும், க்ரீட்டுக்குப் போகப்போவதில்லை என்பதும் தெரியும், இத்தனை மாதம் அவளுக்காகத் தெரியாததுபோல் ஒற்றை ஆளாக அதைச் சுமந்துகொண்டு... வேண்டாம், அது வேண்டாம், மறதியாகவே இருக்கட்டும். உள்ளே அலமாரிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, மறுபடி முதலாவது. தேடுகிறான். கைப்பிடியைத்தான் தேடுகிறான், இதோ பையைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே வருவான், எங்கே ஃபென் என்று பதறுவான், கொடுத்துவிடலாம், உடனே கொடுத்துவிடலாம். அவள் எழுந்து படியருகே நின்றாள்.

"ஃபென்" என்று கூப்பிட்டான்.

"என்ன?"

"சர்க்கரை எங்க வச்சே?"

சர்க்கரையைத்தான் கேட்டான். அடுப்புக்கு மேல் தட்டில் என்று அவள் சொன்னாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் அதையும் கேட்பான் என்று காத்து நின்றாள்.