பழைய கார்டுக்குப் புது கூலர்

வீட்டைக் காலி செய்ய இரண்டு நாள்தான் பாக்கி. அப்பாவும் அம்மாவும் கட்டில் பீரோவோடு முன்னாலேயே போய்விட்டார்கள். பின்னறையில் மிஞ்சியது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பதினேழு வருடப் பழைய கம்ப்யூட்டர்.

அக்கா அனிமேஷன் படித்த காலத்துப் பெட்டி அது. கடைசி வருடம் அவள் செய்த நான்கு நிமிடப் படம் அதற்குள்தான் இருந்தது. அதைச் செய்த மென்பொருள் வேறெந்த மெஷினிலும் ஓடாது. இதிலோ, திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் கார்டின் விசிறி திணறித் திணறி, இரண்டாவது நிமிடத்தில் திரை செத்துவிடும். அக்கா தம்பியிடம் ஒன்றுதான் கேட்டிருந்தாள். "தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை முழுசாப் பாத்துடணும்டா."

தம்பிக்கு ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறைகளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் வேலை. ஆயிரம் மெஷின்களைச் சூடு தட்டாமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு இது எம்மாத்திரம்? கார்டோடு வந்த, சூட்டை இழுத்து வெளியேற்றும் கூலரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் தீர்ந்தது. அந்த வயதுக் கார்டுக்குப் பொருந்துவதைப் பழைய சாமான் விற்பவரிடம் தேடிப் பிடித்து வந்திருந்தான். நான்கு தாமிரக் குழாய்கள், உள்ளங்கையைவிடப் பெரிய விசிறி.

"என்னடா இது, தலையைவிடத் தலைப்பாகை பெருசா இருக்கு?"

"அக்கா, நீ சும்மா இரு. வேலை ஆனதும் பேசு."

"எஞ்சினியர் சொன்னாச் சரி."

கார்டையும் கூலரையும் ஒட்டியிருக்கும் பழைய பசை இளகட்டும் என்று மெஷினை இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். விசிறி கரகரத்ததும் அக்கா சிரித்துவிட்டாள்.

"அப்பாவோட ஏரோப்ளேன்!"

அக்கா படித்த நாளில் அப்பாவுக்கு இரவு ஷிப்ட். பகலில் முன்னறையில் தூங்குவார். சுவருக்கு இந்தப்பக்கம் இந்தக் கார்டு ஊளையிடும். 'ஏரோப்ளேன் எப்பம்மா தரையிறங்கும்?' என்று படுத்தபடியே கேட்பார். கோபமாகக்கூட இருக்காது. அதனாலேயே அக்காவுக்குப் பாவமாக இருக்கும். ஒருநாள் பெட்டியின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினாள். சத்தம் அடங்கியது. அவள் வரைவாள், தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். படத்தை ஓட்டிப் பார்க்கும்போது பட்டனை அழுத்துவது அவன் உரிமை. அதற்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவருவான்.

அந்த மாதமே திரையில் வண்ணவண்ணக் கட்டங்கள் முளைத்தன. அப்புறம் படம் பாதியில் உறையத் தொடங்கியது. ஒப்படைக்க வேண்டிய தேதி போயிற்று. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு மாதத்துக்கு வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அந்தக் கிளைக்கே அவள்தான் மேனேஜர். 'கம்ப்யூட்டருக்குப் போர்வை போத்தி வேகவெச்சவ' என்பது குடும்பத்தில் நிலைத்துவிட்ட கதை. அதை முதலில் சொல்லிச் சிரிப்பவளும் அவளே.

மெஷினை அணைத்துக் கார்டை வெளியே எடுத்ததும், பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவர அக்கா சமையலறைக்குப் போனாள். தம்பி நான்கு திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். கூலர் ஒரு சின்னச் சத்தத்தோடு கையோடு வந்தது. நடுவில் கருத்துக் காய்ந்த பசை. சுற்றிலும் எட்டு மெமரி சிப்புகள். ஒவ்வொன்றின் மேலும் சூட்டைக் கூலருக்கு ஏற்றிவிடும் சாம்பல் நிற மெத்தைத் துண்டு. எட்டின் மேலும் ஏதோ மினுமினுத்தது.

உரிக்காத பிளாஸ்டிக் தாள்.

அவன் கை நின்றது. பதினாறு வயதில், போர்வை வருவதற்கு முன்பு, அக்கா கல்லூரிக்குப் போயிருந்த ஒரு பகலில் இதே கூலரைக் கழற்றியவன் அவன்தான். தூசி தட்டினால் சத்தம் குறையும், அக்கா அசந்துபோவாள் என்று நினைத்தான். பழைய துண்டுகள் பிய்ந்துவிட்டன. புதிதாக வாங்கி, கத்தரித்து, ஒட்டி மூடிவிட்டான். துண்டின் இரண்டு பக்கமும் தாள் இருக்கும்; ஒரு பக்கம்தான் உரித்திருக்கிறான். தாளோடு இருந்தால் சூடு சிப்பிலேயே தங்கிவிடும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான்.

எட்டுத் தாள். உரித்துப் பையில் போட்டுக்கொள்ள அரை நிமிடம் போதும். சமையலறையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை உரித்தான். இரண்டாவதன் ஓரத்தில் நகத்தை வைத்தான். குழாய்ச் சத்தம் நின்றது.

"என்னடா திருட்டு முழி முழிக்கிற? உடைச்சிட்டியா?"

"போர்வையால இல்லக்கா."

"என்னது?"

"அன்னிக்கு மெஷின் கெட்டது. போர்வையால இல்ல. என்னால."

கார்டை நீட்டினான். அவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், ஒரு தாளை நகத்தால் கிளப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தம் குறையட்டும்னு தொறந்தது தெரியும். தாள் இருக்கறது இப்பதான் தெரியும்."

"தொறந்ததையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பயம். அப்புறம் எல்லாரும் போர்வைன்னுட்டாங்க. எனக்கும் வசதியாப் போச்சு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தான்.

"கடையில ஏசி மேல ஒரு பேப்பர் விழுந்தாக்கூட, வெந்துடும்னு ஓடிப்போய் எடுக்கறேன்டா. பொண்ணுங்கல்லாம் சிரிக்குதுங்க." கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "அப்பா தூங்கணும்னு நான் போத்தினேன். அவர் தூங்கணும்னு நீ கழட்டின. அவரு காதுல பஞ்சு வெச்சிட்டுத் தூங்கினாராம். அம்மா போன வாரம் சொன்னா."

"நெசமாவா?"

"ஏரோப்ளேன் கேள்வியெல்லாம் சும்மா நம்மள வம்புக்கு இழுக்கத்தானாம்!"

அதற்குப் பிறகுதான் சிரித்தாள். அவன் சேர்ந்து சிரிக்கப் போனதும் நிறுத்திவிட்டாள்.

"நீ சிரிக்காத. உனக்கு இன்னும் இருக்கு."

பசையைத் துடைத்து, பழைய துண்டுகளையெல்லாம் எடுத்தார்கள். புதுத் துண்டுகளை அவன் மடியில் போட்டாள். "உரி. ரெண்டு பக்கமும். என் கண்ணு முன்னாடி."

பதினாறு தாள்களையும் வாய்விட்டு எண்ணினாள். புதுக் கூலர் பெட்டிக்கு வெளியே துருத்தி நின்றது. மூடியைத் திறந்தே விட்டார்கள். பட்டனை அவனையே அழுத்தச் சொன்னாள்.

ஒரு தையல் மெஷின் படிப்படியாகத் தாவி மொட்டைமாடிக்கு ஏறுகிற கதை. முதல் மாடி, இரண்டாம் மாடி. கட்டங்கள் முளைக்கும் இடம் வந்தது. தையல் மெஷின் அடுத்த படிக்குத் தாவியது. நூல்கண்டு ஒன்று உருண்டு கீழே போக, அது நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு மேலே போயிற்று. வானம். முடிந்தது.

தம்பி கைதட்டப் போனான்.

"மூணாவது மாடியில நிழல் தப்பா விழுது," என்றாள் அக்கா.

"முழுசாப் பாத்தாச்சுல்லக்கா. இனிமே அது எதுக்கு?"

அவள் நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தள்ளி உக்காரு. லாரி எப்ப வருது?"

"திங்கக்கிழமை."

"நேரம் இருக்கு." மௌஸைப் பிடித்து, படிக்கட்டின் விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள்.

கார்டின் சூடு நாற்பத்தெட்டு டிகிரியிலேயே நிற்கிறது என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அவள் கேட்கும் நிலையில் இல்லை.