கோழி எரு தின்ற செடி

குடியுரிமைப் பத்திரத்தோடு மேயர் தன் கையால் கொடுத்த பாங்சியா என்ற ஆஸ்திரேலியச் செடியின் கன்று ஐந்தே மாதத்தில் கருகிப்போனது. சாவேரியோவுக்கு அது விளங்கவே இல்லை. இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து மெல்போர்னுக்கு வந்து இருபத்தாறு வருஷம் செங்கல் அடுக்கியவர் அவர். அவர் நட்டால் துடைப்பக்கட்டையும் துளிர்க்கும் என்பது தெருவின் பேச்சு. கொல்லையில் தக்காளி ஆளுயரம் நின்றது. முன்வாசலில் அரசாங்கச் செடி மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

இலையைக் கிள்ளி முகர்ந்தார். வேரடியில் விரலை விட்டுத் துழாவினார். பூச்சி இல்லை, ஈரத்துக்கும் குறைவில்லை. பசியாக இருக்குமோ என்று இன்னொரு கூடை கோழி எருவை அள்ளிப் போட்டார். மிச்சமிருந்த இலையும் கருகியது.

அந்த நேரம் பார்த்து நகராட்சியின் பல்பண்பாட்டுப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. இத்தாலிய மொழியிலேயே எழுதியிருந்தார்கள். புதுக் குடிமக்களை அவரவர் செடியோடு படமெடுத்து நகர மண்டபத்தில் மாட்டப் போகிறார்களாம். வியாழக்கிழமை அதிகாரி வருவார்.

"பத்திரத்தத் திருப்பி வாங்கிக்குவாங்களோ, அசுந்தா?"

"செடி செத்ததுக்கா? அப்போ என்னைக் கட்டிக்கிட்டு வந்து வாட விட்டதுக்கு உன்னைத் தூக்குல போட்டிருக்கணும்யா!" என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பிறந்த ஊரில் அரசாங்கம் ஒன்றைக் கொடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும். அன்றே போய் அதே உயரத்தில் ஒரு பாங்சியா வாங்கி வந்தார். புதன் காலையில் பழையதைப் பிடுங்கக் குனிந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து பெரில் எட்டிப்பார்த்தாள். இருபது வருஷமாக அடுத்த வீட்டுக்காரி, இந்த மண்ணிலேயே பிறந்தவள். வெயிலையும் மழையையும் தவிர இருவரும் வேறு பேசியதில்லை.

"என்னப்பா பண்ற?"

"செத்துப்போச்சுங்க. ஏன்னுதான் தெரியல."

"என்ன போட்ட?"

"கோழி எரு. தக்காளிக்குப் போடுற அதே எருதான். ஒரு குறையும் வைக்கல."

பெரில் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி மனுஷா, விருந்து வச்சே கொன்னுட்டியே! இது வெறும் மணல்ல வளர்றது. உன் எரு இதுக்கு விஷம்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே. உன் தக்காளியப் பாத்துட்டு, உனக்கா புத்தி சொல்றதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

மறுநாள் காலை புனித அந்தோனியார் படத்துக்கு முன்னால் நின்றார். பொய்ச் செடியோடு படத்துக்கு நிற்க மனம் வரவில்லை. புதுச் செடி கொட்டகையிலேயே கிடந்தது.

வந்த அதிகாரி நூர்த்தென், துருக்கியிலிருந்து சிறுமியாக வந்தவள். சாவேரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "செடிய நான்தாம்மா கொன்னேன். எரு போட்டு."

நூர்த்தென் கேமராவைக் கீழே இறக்கினாள். "அப்படியா விஷயம்! பன்னெண்டு வீடு பாத்துட்டேன் ஐயா. எட்டு வீட்டுல செடி புத்தம் புதுசு. ஒண்ணுல விலைச்சீட்டுகூடத் தொங்குது. யாரும் வாயத் திறக்கல. எங்கப்பாகூட அவருக்குக் குடுத்த செடிக்கு ஆட்டுப் புழுக்கை போட்டாரு, அது ஏன் செத்துச்சுன்னு இப்பதான் புரியுது."

செடியோடு தந்த துண்டுச்சீட்டை எடுத்து அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயிலில் வை, தண்ணீர் ஊற்று என்று ஆறு மொழிகளில் பிழையில்லாமல் அச்சடித்திருந்தது. எரு போடாதே என்ற வரி ஒரு மொழியிலும் இல்லை. எழுதியவர்களுக்கு அது சொல்லாமலே தெரிந்த சங்கதி.

"நீங்களே சொல்லுங்க ஐயா, எழுதிக்கிறேன்."

"எனக்கென்னம்மா தெரியும்? தெரிஞ்சவங்க அங்க இருக்காங்க" என்று சாவேரியோ வேலிப் பக்கம் கை காட்டினார். "பெரில்! கொஞ்சம் வாங்களேன்!"

இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பெரில் அந்த வாசலுக்குள் வந்தாள். அவள் சொல்லச் சொல்ல நூர்த்தென் எழுதினாள். பிறகு கருகிய செடியை நடுவில் விட்டு இருவரையும் நிற்க வைத்துப் படமெடுத்தாள்.

"அப்போ பத்திரம்?" என்று மெதுவாகக் கேட்டார் சாவேரியோ.

"அது உங்களுது ஐயா. செடி செத்தாலும் பொழைச்சாலும்."

அன்று சாயங்காலம் பெரில் ஒரு வாளி மணலோடு வந்தாள். திரும்பும்போது அதே வாளி நிறையத் தக்காளி. புதுச் செடி வேலியோரம் நின்றது. ஒன்றைப் பட்டினி போட்டு வளர்ப்பது சாவேரியோவுக்கு வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. தினமும் குனிந்து உற்றுப் பார்ப்பார். கை தானாக எருக்கூடையைத் தேடும்.

"கைய எடுய்யா!" என்று உள்ளேயிருந்து அசுந்தாவின் குரல் வரும். எடுத்துக்கொள்வார்.