புரியுது மிஸ்

எங்கள் பள்ளியில் புரியாமலே "புரியுது மிஸ்" என்று சொன்னால், கரும்பலகை சொன்னவரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகும். மற்றவர்களுக்கு அது இருந்த இடத்திலேயே இருக்கும். சேர்ந்த அன்றே இதை எனக்கு விளக்கினார்கள். நான் "புரியுது மிஸ்" என்றேன். அப்போதே கொஞ்சம் நகர்ந்தது.

சின்னப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் ஒரே பெஞ்சில் அடங்கிவிடும். பிரின்சிபல் ஜூன் மாதத்தில் மணியாகிவிட்டார். வராந்தாவில் தொங்குகிறார். சம்பளம் வழக்கம் போல வருகிறது.

கணக்கு எடுப்பவர் ஷமீமா மிஸ். போர்ஷனை முடிக்கும் அவசரமே அவருக்குக் கிடையாது. யாராவது புரியவில்லை என்றால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, நல்ல சேதி கேட்டவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

என் பக்கத்தில் இருப்பவள் லோகநாயகி. அவள் போட்ட தப்பான விடை அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும். மத்தியானம் அவள் டிபன் பாக்ஸில் அதற்கும் பங்கு உண்டு. எங்கே வழி தவறினாய் என்று எல்லோரும் அதனிடம் பொறுமையாக விசாரிப்பார்கள். யாரும் அதை அடிப்பதில்லை. எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நான் முன்பு படித்தது பெரிய பள்ளி. அங்கே "புரியுதா?" என்பது கேள்வி இல்லை. பாடத்தின் கடைசி வரி. ஆயிரம் பேரும் சேர்ந்து "புரி... யு... து... சார்" என்று இழுத்தால்தான் பாடம் முடியும். ஒருத்தி மட்டும் ஒரு நாள் "புரியல சார்" என்றாள். வெளியே நிற்கச் சொன்னார்கள். இன்னும் நிற்கிறாள். அவள் மேல் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார்கள்.

அதனால் என் வாய் பழகிவிட்டது. காலாண்டுத் தேர்வுக்குள் கரும்பலகை மைதானத்துக்குப் போயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதிதான். அத்தனை தூரத்திலிருந்து யாரும் கணக்குப் போடக் கூப்பிட மாட்டார்கள். அரையாண்டில் அது ரயில்வே கேட்டைத் தாண்டியது. டவுன் பஸ்ஸில் போய் ஒரு வரியைப் படித்துவிட்டு, திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவேன். கண்டக்டர் "போர்டுக்கா?" என்று மட்டும் கேட்பார்.

மிஸ்ஸும் கரும்பலகையோடு போயிருந்தார். வகுப்பிலும் இருந்தார். அவருக்கு அதில் சிரமம் ஒன்றும் தெரியவில்லை.

தை மாதத்தில் பிரின்சிபல் என்னைப் பார்த்து அடித்துக்கொண்டார். கரும்பலகை மாவட்ட எல்லைக்குப் போய்விட்டதாம். இன்னும் ஒரு தடவை நகர்ந்தால் அது அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். அப்புறம் நான் இந்தப் பள்ளிப் பிள்ளை இல்லை. பழைய பள்ளிக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

"வெளங்குதா?" என்று ஒலித்தார்.

"புரியுது சார்," என்றேன். நல்லவேளை, இது உண்மையாகவே புரிந்திருந்தது. கரும்பலகை நகரவில்லை.

அப்பா என்னை டிவிஎஸ்ஸில் எல்லைக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் அவருக்கு ஆறவில்லை. புரியலன்னு சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மிஸ் மனசு சங்கடப்படும் என்றேன்.

"சங்கடப்படுவாங்களா? அவங்க உன்னால ரோட்டுல வெயில்ல நிக்கிறாங்கம்மா," என்றார்.

நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

"நன்றி, மீண்டும் வருக" பலகையில் கரும்பலகை சாய்ந்திருந்தது. மிஸ் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வகைக்கெழு நடத்திக்கொண்டிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் என் பழைய பள்ளியின் பஸ் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் வாய்கள். எல்லாம் "புரி... யு... து..." என்று இழுத்தன. எனக்கென்று ஒரு சீட் காலியாக இருந்தது. அதன் மேல் கர்சீப் போட்டிருந்தார்கள்.

மிஸ் கடைசி வரியை எழுதி முடித்தார். திரும்பிப் பார்த்தார்.

"ஜெசிந்தா, புரியுதா?"

வாயைத் திறந்தேன். "புரி" வரைக்கும் இரண்டு வார்த்தைக்கும் ஒரே பாதை. அங்கேயே நின்றேன். பஸ் ஹாரன் அடித்தது. அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பலகையின் ஒரு கால் எல்லைக் கோட்டுக்கு மேலே தூக்கியபடி இருந்தது.

"...யல மிஸ்," என்றேன்.

யாரும் என்னை வெளியே நிற்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே வெளியேதான் நின்றேன். மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அப்பாடா," என்றார். "எந்த வரியிலிருந்து?"

"முதல் வரியிலிருந்தே மிஸ்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும்தான்."

மிஸ் அழிக்க ஆரம்பித்தார். பதினொன்றாம் வகுப்பு அழிந்தது. ரயில்வே கேட் எங்களைத் தாண்டிப் பின்னால் போனது. பத்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் அழிந்தன. மைதானம் வந்தது. அப்புறம் பெஞ்ச் வந்து என் முழங்காலில் இடித்தது. உட்கார்ந்தேன். அப்பா இன்னும் டிவிஎஸ் மேல்தான் இருந்தார், வகுப்புக்கு நடுவே. லோகநாயகியின் தப்பான விடை நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தது. அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

எனக்கு அழுகை வந்தது. செருப்பு கடித்த காலைத் தண்ணீரில் வைத்த மாதிரி இருந்தது. லோகநாயகி தன் கர்சீப்பைக் கொடுத்தாள்.

மிஸ் எல்லாவற்றையும் அழித்த கரும்பலகையில் 1 என்று எழுதினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது புரியுதா?"

அதை நன்றாகப் பார்த்தேன். நேராக நின்றது. துணைக்கு யாரும் இல்லை.

"கொஞ்சம் மிஸ்," என்றேன்.

கரும்பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.