கிணற்றடி லீவர்

சுருளிக்கு ரயில் மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. தண்டவாளத்தோரக் கைகாட்டி மேல்தான் பைத்தியம். சின்னமனூரிலிருந்து தேனிக்குச் சைக்கிள் மிதித்துப் போய், சிக்னல் கேபினில் ஒருவர் இரும்பு லீவரை இழுக்க, தூரத்தில் கை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். வியர்வை பட்டால் துருவேறும் என்று கேபின்காரர் துணி சுற்றித்தான் லீவரைப் பிடிப்பார். அந்தத் துணி மேல் சுருளிக்குத் தனி மயக்கம்.

மீட்டர்கேஜ் பாதையைப் பிடுங்கியபோது, பழைய இரும்புக் கடையில் இரண்டு லீவர்களை வாங்கி வந்தார். "பேரீச்சம்பழத்துக்குப் போடுறத வீட்டுக்குத் தூக்கியாறீகளே!" என்று மனைவி உமாதேவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருக்கும் தம்பி முத்துராஜாவுக்கும் பங்குக் கிணறு. கரன்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒன்றாக வால்வைத் திறக்க, இரண்டு தோட்டத்துக்கும் தண்ணீர் எட்டாமல், ஒரு கோடையில் கைகலப்பாகிப் பேச்சு நின்றது. சுருளி இரண்டு லீவரையும் கிணற்றடியில் நட்டு வால்வுகளோடு பூட்டினார். ஒன்றை இழுத்தால் மற்றது அசையாது. கூடவே ஒரு சட்டம்: அவனவன் லீவரை அவனவன்தான் தொட வேண்டும்.

தம்பியின் லீவரிலும் ஒரு துணியைத் தொங்கவிட்டார். "இரும்புக்குக் கோமணமா?" என்று முத்துராஜா அதைப் பிடுங்கி வரப்பில் எறிந்தானாம். சுருளிக்குச் சுருக்கென்றது. ஆனால் தண்ணீர்ச் சண்டை நின்றது. பேச்சும் நின்றது நின்றதுதான்.

இந்தச் சித்திரையில் சுருளி டெங்குவில் படுத்துவிட்டார். தோட்டத்தில் அவருடைய வாழை குலை தள்ளி நின்றது.

"தண்ணி பாய்ச்சச் சொல்லி தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லட்டா?" என்றாள் உமாதேவி, ஆஸ்பத்திரிக் கட்டிலோரம்.

"வேணாம். அது அவன் லீவர் இல்ல."

காய்ந்தால் காயட்டும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு விட்டதும் நேரே கிணற்றடிக்குப் போனார். அவருடைய வாழை பச்சைப்பசேலென்று நின்றது, அடியில் ஈரம். தம்பியின் பக்கம்தான் இலைகள் ஓரம் கருகியிருந்தன. சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சட்டம் சட்டம்தானே.

மோட்டார் ரூம் வாசலில் முத்துராஜா நின்றான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சுருளி அவனிடம் வாயைத் திறந்தார்.

"என் லீவர எவன்டா தொட்டது?"

"நாந்தான்" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வெறுங்கையால தொடலண்ணே. துணி சுத்தித்தான் பிடிச்சேன்."