செதிலெடுக்கும் கை

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவு முழுதும் பெய்த மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. திருவொற்றியூர்க் குப்பத்துக் கொடிகளில் தொங்கிய துணிகள் காய்ந்துவிடாதபடி கடற்காற்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தேசப்பன், சன்னல் கம்பியில் மாட்டிய கண்ணாடியின் முன் நின்று, தன் மீசையை மழித்து முடித்தான்.

தாடையும் கழுத்தும் ஏற்கெனவே முடிந்திருந்தன. சனிக்கிழமை ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை, சந்தேகத்துக்கு இன்று ஒரு முறை. முகத்தில் ஒரு முடிகூட மிச்சமில்லை. முடி இருந்த இடங்களில் சிவந்த கொப்புளங்கள் இருந்தன.

அவன் தெருவில் இறங்கியதும் முதல் விபரீதம் நடந்தது. அந்தக் குப்பத்தில், தகப்பன் உயிரோடிருக்கும் ஆண் மீசையை எடுப்பதில்லை. தலைமுடியும் சேர்ந்து போயிருந்தால் திருப்பதி என்று கொள்வார்கள். மீசை மட்டும் போயிருந்தால் அதற்கு ஒரே பொருள்தான். பால் பாக்கெட்டோடு வந்த பக்கத்து வீட்டுக் கெங்கம்மா அவன் மேலுதட்டைப் பார்த்தாள். பாக்கெட்டைக் கீழே வைத்தாள். வைத்த கையோடு மாரில் அடித்துக்கொண்டாள். தேசப்பன் மறுத்துச் சொன்னது எதுவும் அவள் குரலைத் தாண்டி வெளியே வரவில்லை.

தேசப்பனின் அப்பா லோகநாதன் ஏழு மணிக்குத் தோளில் வலையுடன் கரையிலிருந்து வந்தபோது, அவருக்காக அழ நாலு பேர் கூடியிருந்தார்கள். யார் செத்தது என்று அவரும் வருத்தத்தோடுதான் விசாரித்தார். விவரம் தெரிந்த பிறகு மகனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"நான் இன்னும் உசுரோடதான்டா கீறேன். அதுக்குள்ள இன்னா அவசரம்?"

அவசரம் இருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில், மீனையும் இறாலையும் உறையவைத்துக் கப்பலேற்றும் ஓர் ஆலையில் தேசப்பன் ஒப்பந்தக் கூலி. குளிர் அறைகளை இயக்குவது அமோனியா. அது என்றைக்காவது கசிந்தால், மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூட நான்கு பேர் கொண்ட அவசரக் குழு உண்டு. அதில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அந்த இடத்துக்கு வருகிறவன் நிரந்தரப் பணியாளன். தேசப்பனின் ஒப்பந்தமோ டிசம்பரோடு முடிகிறது. அது முடிந்தால் பொங்கல் கழித்துப் படகில் ஏற வேண்டும் என்பது லோகநாதனின் கட்டளை.

அதில்தான் வில்லங்கம். மீனவன் மகனான தேசப்பனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. துறைமுகச் சுவரைப் படகு தாண்டுவதற்குள் அவன் வயிறு கரைக்குத் திரும்பிவிடும். சிறு வயதிலேயே இது தெரிந்துவிட்டதால், படகுக்குப் பதில் அம்மாவின் மீன் கடையில் உட்கார்ந்து மீன் வெட்டியே வளர்ந்தான். ஊர் இதை மரியாதையாக, 'அவனுக்குக் கரை வேலைதான் ராசி' என்று சொல்லிவந்தது.

குழுவுக்கு வேண்டிய ஓட்டம், ஏற்றம், மூச்சடக்கம் எல்லாவற்றிலும் அவன் தேறினான். தேறாதது முகம். முகமூடியின் ரப்பர் விளிம்பு நெற்றி, கன்னம், தாடையின் அடிப்பக்கம் என்று தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையில் முடி இருந்தால் காற்று புகும். இதைச் சோதிக்க, முகமூடி போட்டவனின் தலைமேல் ஒரு துணிக்கூண்டைக் கவிழ்த்து உள்ளே கசப்பு மருந்தை விசிறுவார்கள். நாக்கில் கசந்தால் கசிவு. முதல் சோதனைக்கு அவன் மூன்று நாள் முளைத்த தாடியோடு போய், அரை நிமிடத்தில் கையைத் தூக்கினான். இரண்டாவது சோதனைக்கு வரும்போது 'மழித்த முகத்துடன்' வர வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மீசையும் முகத்தில்தானே இருக்கிறது என்று தேசப்பன் யோசித்தான். யோசித்ததில் தவறில்லை.

ஆலை மருத்துவர் ஹஃப்சா, இராயபுரத்துக்காரர், அதிகம் பேசாதவர். இரண்டாவது சோதனைக்கு வந்த அவன் தாடையை அன்று விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணிக்கூண்டைக் கொண்டுவந்த ஆளைத் திருப்பி அனுப்பினார்.

"புண்ணு மேல ரப்பரை அழுத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன், தேசப்பன். முடியை இழுத்து அடியோட வெட்டியிருக்கீங்க. சுருட்டை முடி, வெளியே வர வழி தெரியாம தோலுக்குள்ளேயே வளைஞ்சு குத்துது." விளக்கை அவன் மேலுதட்டுக்குத் திருப்பினார். "அது சரி, மீசையை யார் எடுக்கச் சொன்னது?"

தேசப்பன் அறிவிப்பைச் சொன்னான். மீசை முகமூடிக்கு உள்ளே அடங்கிவிடும், விளிம்பைத் தொடாமல் நுனியைக் கத்தரித்தால் போதும் என்றார் மருத்துவர். காலையிலிருந்து தகப்பனை இழந்திருந்த அந்த முகம் அதைக் கேட்டு மேலும் வாடியது.

நான்கு வாரம் கழித்து வரும்படி ஒரு கடைசி வாய்ப்பு கொடுத்தார். மூன்று வாரம் பிளேடு கூடாது. மிஷினில் ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டிக்கொள்ளலாம். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. சோதனையன்று முடியும் இருக்கக் கூடாது, புண்ணும் இருக்கக் கூடாது. முடி இருந்தால் கசிவு, முடியை எடுத்தால் புண். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முகத்தை அவன் கொண்டுவர வேண்டும்.

ஆலையில் இதற்கு ஆலோசனை சொல்லாதவர்கள் இல்லை. படிகாரத்தை ஊறவைத்துத் தேய் என்றார்கள். எரியும் லோஷனை இன்னும் தாராளமாக ஊற்று என்றார்கள். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பது அவர்களின் கொள்கை. உருப்படியான யோசனை வந்தது பிலாலிடமிருந்து. பிலால் கம்ப்ரசர் அறையில் வேலை பார்ப்பவன். மார்பைத் தொடும் தாடிக்காரன். தாடி போகாது என்பதால் குழுவுக்கு அவன் மனுவே போடவில்லை. கசிவு வந்தால் வெளியிலிருந்து இயந்திரத்தை நிறுத்தும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மழிப்பதைப் பற்றித் தாடிக்காரன் பாடம் நடத்துவதா என்று கேன்டீனில் சிரித்தார்கள்.

"சிரிங்கடா," என்றான் பிலால், பரோட்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க வாரத்துக்கு ஒருவாட்டி மூஞ்சிய சுரண்டுறீங்க. நான் டெய்லி கன்னத்துலயும் கழுத்துலயும் ஓரம் ஒதுக்குறேன். ஒரு பொட்டு சிவப்பு கீதா பாரு."

இல்லை. தேசப்பன் குனிந்தே பார்த்துவிட்டான். குளித்த பிறகு செய்; வெந்நீரில் முடி ஊறட்டும்; நுரையைப் போட்டுவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் சும்மா இரு; புது பிளேடு; தோலை இழுத்துப் பிடிக்காதே; ரேசரை அழுத்தாதே. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், வாசனையில்லாத கிரீம், அவ்வளவுதான். பிலால் சொன்னது இவ்வளவே. தேசப்பன் அதை மந்திரம் போல மனப்பாடம் செய்தான்.

மூன்று வாரத்தில் கொப்புளங்கள் அடங்கின. மீசை திரும்பி வந்தது. லோகநாதனும் ஊரின் கணக்கில் உயிரோடு திரும்பி வந்தார். டிசம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தேசப்பன் குளித்து, நுரை போட்டு, டீயும் குடித்துவிட்டுக் கண்ணாடியின் முன் நின்றான். சன்னலுக்கு வெளியே, குழாயடியில், அவன் மனைவி நர்மதா ஒரு பெரிய கொடுவாயைப் போட்டுச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டில் மீன் கடை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வெட்டுவாள்.

அவன் கழுத்தில் ரேசரை வைத்துச் சரக் சரக்கென்று தாடையை நோக்கி மேலே ஏற்றினான். வெளியே கத்தி நின்றுவிட்டது. நர்மதா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, கையிலிருந்த மீனும் வழுக்கி விழும்படி சிரிக்கத் தொடங்கினாள்.

"யோவ், நீ ஷேவா பண்ற? செதில் எடுத்துகினு கீற."

தேசப்பன் தன் கையைப் பார்த்தான். கட்டை விரலால் தோலை இறுக்கிப் பிடித்திருந்தது. கீழிருந்து மேலாக, குட்டைக் குட்டையாக, எதிர்த்து இழுத்தது. அம்மாவின் கடையில் பழகிய அதே கை, அதே வேகம். வாலிலிருந்து தலைக்குப் போனால்தான் செதில் அடியோடு பெயர்ந்து வரும். மிச்சம் வைத்தால் வாடிக்கையாளர் திட்டுவார். இத்தனை வருடமாகத் தன் முகத்தையும் அவன் வாடிக்கையாளருக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"செதில் பேந்து வர்றதுக்கு எதிர்ல போவணும்," என்றாள் நர்மதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உனுக்கு முடி பேந்து வர வாணாமே. படிஞ்சாப்புல தடவிகினு போ."

அவன் ரேசரைக் கழுவிவிட்டு, மேலிருந்து கீழே, அழுத்தாமல் இறக்கினான். கை மறுத்தது, பழக்கத்தால் நடுவழியில் திரும்பப் பார்த்தது. அதற்காகவே ரேசரை இடக்கைக்கு மாற்றினான். மீன் வெட்டியறியாத இடக்கை சொன்னபடி கேட்டது.

செவ்வாய்க்கிழமை கன்னங்கள் தெளிவாக இருந்தன. கழுத்தில் மட்டும் இரண்டு கொப்புளங்கள். தேசப்பன் நேராகக் கம்ப்ரசர் அறைக்குப் போய்க் கழுத்தை நீட்டினான். இனிப் படகுதான், அதிலும் வாந்தியோடுதான் என்றான். பிலால் விரலால் அவன் கழுத்தைக் கீழ்நோக்கித் தடவினான், சொரசொரத்தது. மேல்நோக்கித் தடவினான், வழுவழுத்தது.

"இங்க முடி மேல பாத்து மொளைக்குது மாமு. ஊரே கீழ போனா உன் கழுத்து மட்டும் எதிர்க்கட்சி. அது போற பக்கமே நீயும் போ."

அன்றிரவு நர்மதா, மீன் பார்க்கும் அதே விரலால் அவன் தாடை முழுவதையும் தடவிப் பார்த்து, எங்கே கீழே, எங்கே மேலே, எங்கே காதுப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இடப்பக்கத் தாடையில் ஒரு சுழி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன் என்றாள்.

டிசம்பர் பதினாறு. விடியற்காலையில் தேசப்பன் எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். ஒரே ஒரு முறை, முடி போகும் திசையில், இடக்கையால். மீசை நுனிகளைக் கத்தரித்தான். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, முகத்தைத் தடவினான். எதிர்த்திசையில் தடவியபோது விரலில் லேசாகச் சொரசொரத்தது.

அந்தச் சொரசொரப்புக்கு முன்னால் அவன் வெகு நேரம் நின்றான். இதிலும் காற்று புகுமோ? எதிராக ஒரே ஓர் இழுப்பு இழுத்தால் கண்ணாடி போல ஆகிவிடும். வலக்கை தானாக ரேசரை எடுத்தது. கட்டை விரல் தாடையில் போய் உட்கார்ந்தது. கசிவுக்குப் பயந்து ஒரு முறை அவன் மூன்று தரம் மழித்தவன். கண்ணாடியில், அப்பாவின் சாயலில் ஒரு மீசை அவனைப் பார்த்தது. தேசப்பன் ரேசரைக் கழுவி, துடைத்து, பரணில் போட்டான். பரண் எட்டாது, நாற்காலி போட்டுத்தான் ஏறிப் போட்டான்.

மருத்துவர் ஹஃப்சா அவன் தாடையை விளக்கின் கீழே திருப்பினார். கன்னம், தாடையடி, நெற்றி. கழுத்தின் கீழ்ப்பகுதியில் விரலை நிறுத்தினார். ஆறிக்கொண்டிருந்த ஒரு கொப்புளத்தின் வடு அங்கே இருந்தது. அவர் முகமூடியை எடுத்து அவன் முகத்தில் பொருத்தி, விளிம்பு எங்கே வருகிறது என்று பார்த்தார். வடு அதற்கும் இரண்டு விரல் கீழே இருந்தது. துணிக்கூண்டைக் கொண்டுவரச் சொன்னார்.

கூண்டுக்குள் கசப்பு மருந்து விசிறப்பட்டது. தலையை ஆட்டச் சொன்னார்கள். குனிந்து நிமிரச் சொன்னார்கள். பிறகு, நிறுத்தாமல் எதையாவது உரக்கப் பேச வேண்டும் என்றார்கள். வாய் அசையும்போதுதான் கசிவு தெரியும். தேசப்பன் சட்டென்று, ஏலக்காரன் குரலில், மீன் பெயர்களைக் கூவத் தொடங்கினான். வஞ்சிரம், வவ்வா, சங்கரா, கொடுவா, கெளங்கா, நெத்திலி. நெத்திலி முடிந்து மறுபடி வஞ்சிரத்துக்கு வந்தபோது மருத்துவரின் உதடு லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பென்று சொல்வதற்கில்லை.

நாக்கில் ஒன்றும் கசக்கவில்லை. அவன் அதை நம்பாமல், கூண்டை எடுத்த பிறகும் வாயைச் சப்பிப் பார்த்தான்.

"மருந்து போட்டீங்களா மேடம்?"

மருத்துவர் கூண்டின் துணியைச் சுட்டிக்காட்டினார். தேசப்பன் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் சுருங்கியது. அவன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எதுவும் கசந்ததில்லை.

மருத்துவர் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். சோதனைப் படிவத்தில் 'தகுதியற்றவர்' என்ற சொல்லை அளவுகோல் வைத்து நேராக அடித்தார். 'தகுதியுடையவர்' என்பதன் கீழே கையெழுத்திட்டுத் தேதி எழுதினார். குறிப்பு என்றிருந்த இடத்தில் பேனா சற்றுத் தயங்கியது.

"அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா கீறாரு மேடம். இன்னிக்கி கூட கடலுக்குப் போயி கீறாரு."

அவர் 'மீசை இருக்கலாம்' என்று எழுதி, அதற்கும் ஒரு சிறு கையொப்பமிட்டார். மை உலரும் வரை காத்திருந்து, தாளை மேசையின் குறுக்கே நீட்டினார். தேசப்பன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வலக்கையை நம்பாமல் இடக்கையையும் சேர்த்து, அதை வாங்கிக்கொண்டான்.