அனுப்பாத இரண்டு வரி

அந்த ஓட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளருக்குச் 'சிவப்பு வட்டம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் தைரியமில்லை. அவளுக்கோ அது தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அங்கே வாய்ப்பேச்சு செல்லாது. எந்தப் புகாரும் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில்தான் வர வேண்டும்; மேனேஜருக்கு வேறு மொழி தெரியாது. ஒருமுறை, 'சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம்' என்று எழுத வேண்டியதை 'செய்துவிட்டோம்' என்று யாரோ எழுதித் தொலைத்தார்கள். விருந்தாளி ஈர மெத்தையில் போய் உட்கார்ந்தார். வாங்கிக் கட்டிக்கொண்டது மேற்பார்வையாளர்தான். அன்றிலிருந்து யார் பிழை விட்டாலும் அதற்குச் சிவப்பில் வட்டம் போட்டு, குழுவிலேயே திருப்பிப் போடுவாள். எல்லாம் அவர்கள் நல்லதுக்குத்தானே! அதன் கீழே மற்றவர்கள் சிரிக்கும் எமோஜி பொம்மைகளாகப் போட்டுத் தள்ளுவார்கள்.

அதிக வட்டம் வாங்கியவள் இஸ்திரி போடும் அக்கா. கொஞ்ச நாளாக அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஒருவழியாகத் தேறிவிட்டாள் என்று மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டாள்.

இன்று மத்தியானம் இஸ்திரி இயந்திரத்தின் ஒயர் தீப்பிடித்து அக்காவின் வலது கை வெந்துபோனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நின்றதும் மேற்பார்வையாளர் எகிறினாள். பயத்தில் வந்த கோபம் அது.

"கருகல் வாடை வந்தா சொல்ல மாட்டீங்களா? குழு எதுக்கு இருக்கு?"

"காலையிலயே எழுதிட்டேன் மேடம், அனுப்பல." அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள். "எப்படியும் தப்பு இருக்கும். சாயங்காலம் பொண்ணுகிட்ட காட்டிட்டு அனுப்பலாம்னு வெச்சிருந்தேன். கோச்சுக்காதீங்க."

இடது கையால் போனைத் திறந்து நீட்டினாள். ஒயர் சூடாகிறது, வாடை வருகிறது, ஆள் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. சின்னக் குழந்தைக்கும் விளங்கும்.

மேற்பார்வையாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முதல் வரியில் ஒரு வினைச்சொல் விட்டுப்போயிருந்தது. பாழாய்ப்போன கண் இப்போதும் முதலில் அங்கேதான் போய் நின்றது.

அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"எந்த இடத்துல மேடம் தப்பு?"